நாலு முட்டையும் ஒரு பெருக்கும்

தண்ணீர் மட்டம் பார்க்கிற வேலையில் சிரமம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரைப் பார்க்கிற யாருக்கும் அது கொஞ்சம் கூடுதலாகவோ கொஞ்சம் குறைவாகவோதான் தெரியும். கல்யாணச் சமையலில் உப்புப் போடுகிறவர்கள், திருவிழாவில் மைக் சத்தத்தைத் திருகுகிறவர்கள், எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏர்கோன் பொத்தானுக்குக் கீழே உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கோலா சுங்கை பாரு பக்கம், கடலோரத்தில், பறவைகளுக்கென்று ஒதுக்கிய ஒரு சதுப்புக் குளம் இருக்கிறது. குளத்துக்கும் கடலிலிருந்து வரும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு கரை. கரையில் ஒரு மதகு. மதகில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். கடல் ஏறும்போது மேல் பலகையை எடுத்தால் தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது எடுத்தால் வெளியே போகும். என் படிப்பு அவ்வளவுதான். இதற்கு முன் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பல வருஷம் நைட் ஷிப்ட். என் தூக்கம் அங்கேயே ஏதோ ஒரு மெஷினுக்கு அடியில் கழன்று விழுந்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் சும்மா விழித்துக் கிடப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் விழித்திருக்கலாமே என்று இங்கே வந்தேன். மாலையில் வந்தால் விடிந்துதான் போவேன். பறவைகளின் பெயர்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு படப் புத்தகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீச்சல் தெரியுமா?

என்னை வேலைக்கு எடுத்தவர் என்சே ஹாலிம். காப்பகத்தின் பொறுப்பாளர். என் மகள் வயதுதான் இருக்கும். எப்போதும் ரப்பர் பூட்ஸ், எப்போதும் அவசரம். நேர்காணலைக் கரைமேல் நடந்தபடியே முடித்தார். குளத்தில் நட்டிருந்த ஒரு கம்பைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் சேறு காய்ந்து வெடிக்கும். மேலே போனால் குட்டைக்கால் பறவைகளால் இரை பொறுக்க முடியாது. ஆகவே தண்ணீர் கோட்டை விட்டு நகரவே கூடாது என்றார். மலாக்கா கடலுக்கு நாளெல்லாம் ஏறுவதும் இறங்குவதும் தவிர வேறு பிழைப்பே இல்லை என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

கடைசியாக, நீச்சல் தெரியுமா என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று யோசித்து, எதற்கு வம்பு, தெரியாது என்றேன். சரி, வேலை போயிற்று என்று மோட்டார் சைக்கிள் சாவியைத் தடவினேன். அவரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மலாயில் அவர் சொன்னது இதுதான்:

"நீச்சல் தெரியாத ஆள்தான் எனக்கு வேணும், அங்கிள். தண்ணி ஏறுதுன்னா நீங்கதான் முதல்ல பயப்படுவீங்க."

இறாலின் கால்கள்

மீரான் பாய்க்குத் தெங்கேராவில் மளிகைக் கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஆசைக்கு ஓர் இறால் குளம் வைத்திருக்கிறார், எங்கள் கரைக்கு அடுத்தாற்போல். எங்கள் குளத்தில் தண்ணீர் ஏறினால்தான் நடுவில் இருக்கிற குழாய் வழியாக அவர் குளத்துக்குப் போகும். இல்லையென்றால் அவர் பம்பு வைத்து இறைக்க வேண்டும். அதனால் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வெறுங்கையோடு மட்டும் வரமாட்டார். ஒரு நாள் மீன் கறி, ஒரு நாள் முர்தபா. பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசி, நான் முதல் வாயை எடுத்து வைக்கிற வரைக்கும் காத்திருப்பார். அப்புறம்தான் தண்ணீர்ப் பேச்சு வரும். வாய் நிறைய ஒருவருடைய மீன் கறியை வைத்துக்கொண்டு அவரிடமே முடியாது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். நான் மென்றுகொண்டே தலையை மட்டும் ஆட்டுவேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாதபடி ஆட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் அவர் குளத்தோரம் குந்தி, சேற்றில் நடைபோட்ட பறவைகளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உன் பறவைக்கு ரெண்டே காலு, அருளு, ஜம்முனு நடக்குது. என் இறாலுக்கு அத்தனை காலைக் குடுத்தும் தண்ணி இல்லாம ஒரு அடி நகர முடியல பாரு."

ஒரு விரல் ஆழம்

அங்கிள் லிம் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இப்போது பறவைகளைப் படம் பிடிக்கிறார். அவருடைய கேமராவைத் தூக்கி வருவதற்கே ஒரு தள்ளுவண்டி வேண்டும். எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் என்னைத் தம்பி என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது, வீணாக்க மனமில்லை போலும்.

அவருக்குத் தண்ணீர் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்; ஒரு விரல் ஆழம் மட்டும், கண்ணாடி மாதிரி, அலையில்லாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் பறவையின் நிழல் தலைகீழாக முழுசாக விழுமாம். கடல் வாய்க்காலிலிருந்து வருகிற தண்ணீரை ஒரு விரலில் நிறுத்த நான் என்ன, கொப்பி கடையில் பால் ஊற்றுகிறவனா? ஆனாலும் அந்த மனிதர் கெஞ்சினது பாவமாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கோட்டுக்கு இம்மி குறைய நிறுத்திவைத்தேன். வெயில் சாய்ந்தது, காற்று நின்றது, தண்ணீர் கண்ணாடியாயிற்று. அங்கிள் லிம் சேற்றில் குப்புறப் படுத்தார். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை, தலையில் துண்டோடு எதிர்க்கரையில் எட்டிப் பார்த்தேன். பறவைகள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. அவர் எழுந்து, வயிற்றுச் சேற்றை வழித்துவிட்டு, கேமராவைத் தட்டிப் பார்த்தார். கோபிப்பார் என்று நின்றேன். படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி மலாயில் சொன்னார்:

"பறவை இல்லை, தம்பி. ஆனா நீ மேலேயும் அழகு, கீழேயும் அழகு."

ஹாலிமின் பூட்ஸ்

பிறகு முட்டை வந்தது. பவளக்கால் உள்ளான் என்று ஒரு பறவை. கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு, சிவப்புக் குச்சியாக நீண்ட கால். மற்றவை எல்லாம் வந்து தின்றுவிட்டுப் போகிற விருந்தாளிகள். இந்த ஜோடி மட்டும் குளத்தின் நடுவே ஒரு மண் திட்டில் நாலு முட்டை இட்டு உட்கார்ந்துவிட்டது. காப்பகம் திறந்ததிலிருந்து இங்கே இது கூடு கட்டியதில்லையாம். ஹாலிம் தொலைநோக்கியில் பார்த்தார், சேற்றுக்குள் இறங்கிக் குதித்தார். கரைக்கு ஏறும்போது காலில் ஒரு பூட்ஸ்தான் இருந்தது. இன்னொன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திட்டு வெள்ளைக் கோட்டைவிட ஒரு சாண்கூட உயரமில்லை. தண்ணீர் அந்தச் சாணைத் தாண்டினால் முட்டை போயிற்று. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் தண்ணீர் ஏறவே கூடாது என்று ஹாலிம் உத்தரவு போட்டார். உத்தரவு இல்லாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அடைகாக்கிற பறவை இராத்திரி முழுக்க ஒரே இடத்தில் விழித்திருக்கிறது, நானும் கரையில் விழித்திருக்கிறேன். பல வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஷிப்ட் கூட்டாளி அதுதான். நான் கரையில் இருமினால்கூட எழுந்து 'கிக் கிக் கிக்' என்று என்னைத் திட்டும். திட்டுவதற்கு ஆள் இருப்பதும் ஒரு சுகம்தான்.

மீரான் பாய்க்கும் அங்கிள் லிம்முக்கும் விஷயத்தைச் சொன்னேன். லிம் தூர நின்று படம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். பாய் மட்டும் முர்தபா பொட்டலத்தைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார்:

"அதுங்க போட்ட முட்டைக்கு நாம எல்லாரும் அடைகாக்கணுங்கிறியா, அருளு?"

பெருக்கு கேட்டு வந்தவர்கள்

ஆடி பிறந்தது. ஒரு மாலையில் வேன் ஒன்று வந்து நின்று, அதிலிருந்து பெண்களாக இறங்கினார்கள். முன்னால் வந்தவர் சரோஜாக்கா. பக்கத்துத் தாமான் குடியிருப்பின் வாசலில் தோசைக் கடை வைத்திருப்பவர். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணன். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரித்துக்கொண்டதில்லை. விஷயம் இதுதான். ஆடிப் பதினெட்டுக்குப் பெருகுகிற தண்ணீரில் விளக்கு விட வேண்டும். போன வருஷம் தாமான் பின்னால் இருக்கிற பெரிய லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், விட்டார்களாம். விளக்கு போன திசைக்கு எதிரே ஒரு பழைய செருப்பு மிதந்து வந்ததாம். இந்த வருஷம் மருமகள் தாலிக்கயிறு மாற்ற வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். நினைத்தால் தண்ணீரை ஏற்றுகிற ஆள் ஒருவர் கடலோரம் இருக்கிறாராமே என்று விசாரித்து வந்திருக்கிறார்கள். கொஞ்சம் ஏற்றி விடுங்கள், கும்பிட்டதும் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார், விளக்குத் திரியைச் சொல்கிற மாதிரி.

நான் அவரைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தொலைநோக்கியைக் கொடுத்தேன். பார்த்தார். பறவை எழுந்து, முட்டைகளைப் புரட்டி, மறுபடி உட்கார்ந்தது. அக்கா தொலைநோக்கியை அடுத்தவரிடம் கொடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். தொலைநோக்கியைத் திருப்பித் தந்தார்கள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. குளத்தில்தானே ஏற்றக் கூடாது? மதகுக்கு வெளியே, வாய்க்கால் பக்கம், பதினெட்டன்றைக்குப் பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம். நான் ஒரு விரலும் அசைக்காமல் தானே பெருகும். ஆனால் கடல் தண்ணீர் காவேரி ஆகுமா என்று ஒரு அம்மாள் சந்தேகம் எழுப்பினார். மேலேயிருந்து ஓர் ஓடை வந்து சேர்கிற இடம்தான் அது, பாதி ஆறு என்றேன். மாதா கோயில் ஆளான நான் ஆடிப்பெருக்குக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சரோஜாக்கா தீர்ப்புச் சொன்னார்:

"பாதி ஆறு, பாதி கடலு, சரி லா. ஆத்தாகிட்ட நாங்க பேசிக்கிறோம். நீங்க தண்ணியை மட்டும் ராகுகாலத்துக்குள்ள வராமப் பார்த்துக்குங்க, அண்ணே."

பந்திப் பலகை

ஆடிப் பதினெட்டன்று தண்ணீர் ராகுகாலம் தாண்டித்தான் வந்தது. அதற்காக என் கையைப் பிடித்து நன்றி சொன்ன பெண்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. சேறாகக் கிடந்த வாய்க்கால் சளசளவென்று நிறையத் தொடங்கியதும் குலவை எழும்பியது. புது மஞ்சள் கயிறு கட்டிப் பழையதைத் தண்ணீரில் விட்டார்கள். பூ, வேப்பிலை, கருகமணி, வாழை மட்டையில் விளக்கு, எல்லாம் தண்ணீரில் இறங்கின. மீரான் பாய் ஒரு வாளி நிறைய ரோஸ் சிரப் கலக்கிக் கொண்டுவந்தார். அங்கிள் லிம் பறவையை மறந்து விளக்குகளைப் படம் பிடித்தார். ஹாலிம் புதுப் பூட்ஸோடு வந்து, கூட்டத்தைக் கண்டு பயந்து, தேங்காய்ச் சோறு கொடுத்ததும் சமாதானமானார். என் கையிலும் ஓர் இலை. இத்தனை பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தபடி புளிச்சோற்றைப் பிசைந்தேன்.

அப்போதுதான் சுமத்ரா பக்கத்திலிருந்து காற்று அடித்தது. வாய்க்கால் ஒரே மூச்சில் உயர்ந்து, மதகின் மேல் பலகையைத் தாண்டி, பூவும் கயிறும் வேப்பிலையுமாகக் குளத்துக்குள் கொட்டத் தொடங்கியது. நான் இலையை வீசிவிட்டு ஓடினேன். இப்படிப்பட்ட நாளுக்கென்றே மதகோரம் உபரிப் பலகைகள் அடுக்கி வைத்திருப்பேன். அங்கே ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால், கரை நெடுக வரிசையாகப் போட்டு, மேலே வாழை இலை விரித்து, எல்லோரும் என் பலகைகளின் மேல்தான் பந்தி நடத்திக்கொண்டிருந்தார்கள். சேற்றில் இலை போடக்கூடாது என்று சரோஜாக்கா பார்த்துப் பார்த்து அடுக்கியது.

நான் கத்தியது தமிழா மலாயா தெரியாது. ஹாலிம் ஒரு பலகையைச் சாப்பிடுகிறவர்கள் முன்னாலிருந்து உருவினார். மருமகள் ஒன்றைத் தலையில் தூக்கி வந்தார். மீரான் பாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முழங்காலால் அழுத்தி, ஒவ்வொன்றாக மதகின் காடிப் பள்ளத்தில் செருகினார். எலுமிச்சைச் சோறு ஒட்டியபடியே பலகைகள் ஏறின. இந்தக் குளத்தில் தண்ணீர் ஏற வேண்டும் என்று நாள் தவறாமல் கேட்ட மனிதர், தண்ணீர் ஏறாமல் இருக்க மார்பைக் கொடுத்து நின்றார். கடைசிப் பலகை இறங்கியதும் கொட்டுவது நின்றது. ஆனால் உள்ளே வந்த தண்ணீரைக் கடல் இறங்குகிற வரைக்கும் வெளியே விட வழியில்லை. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. கம்பைப் பார்த்தேன், வெள்ளைக் கோட்டைக் காணோம். திட்டு இருந்த இடம் இருட்டிவிட்டது. ஒருவரும் வேனில் ஏறவில்லை. சொட்டச் சொட்ட நின்ற பாய் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"அருளு, அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிருக்க மாட்டாள்ல?"

காலையில்

கடல் இறங்கத் தொடங்கியதும் பலகைகளை உருவித் தண்ணீரை வெளியே விட்டேன். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. இருமிப் பார்த்தேன். 'கிக் கிக்' என்ற திட்டல் வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்க ஆள் இல்லையோ. ஓர் இருமலுக்குப் பதில் வராததற்கு ஒரு மனிதன் இவ்வளவு கலங்குவான் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் ஹாலிம் வந்தார். தொலைநோக்கியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்னிடம் நீட்டினார். திட்டு கரைந்து, உள்ளங்கை அளவாகியிருந்தது. அதன்மேல் பறவை உட்கார்ந்திருந்தது. ஆனால் நேற்றைவிட உயரத்தில். தண்ணீர் ஏற ஏறக் கிடைத்ததையெல்லாம் இழுத்து முட்டைக்கு அடியில் செருகிக் கூட்டை உயர்த்தியிருக்கிறது. குச்சியும் புல்லும் மட்டுமல்ல. வேப்பிலைக் கொத்து. நசுங்கிய செவ்வந்தி. வாழை மட்டைத் துண்டு. சுற்றிலும் மஞ்சள் கயிறு. என் படப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு கூடு இல்லை. நாலில் ஒரு முட்டையைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மூன்று இருந்தன. ஹாலிம் இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஆடினார்.

ஆடி முடிவதற்குள் மூன்றும் பொரிந்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி மூன்று குஞ்சுகள். முதல் குஞ்சு சேற்றில் இறங்கி நடந்த காலையில், வீட்டுக்குப் போகிற வழியில் சரோஜாக்காவின் கடையில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், போன முட்டையையும் சேர்த்து. கரண்டியில் மாவை எடுத்தவர் அப்படியே நின்றார். கல்லில் கிடந்த தோசை கருகியது. அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, புது மாவை ஊற்றித் தேய்த்தபடி சொன்னார்:

"தாய்க்குன்னுதானே விட்டோம், அண்ணே. ஒரு தாய்தான் எடுத்துக்கிட்டிருக்கா."

மீரான் பாய்க்குத் தண்ணீர் குறைவு, அங்கிள் லிம்முக்கு ஒரு விரல் அதிகம், குஞ்சுகளோடு சேற்றில் நடைபோடுகிற தாய் என்னைக் கண்டதும் கத்துகிற கத்தலைக் கேட்டால் தண்ணீர் மட்டத்தைப் பற்றி இப்போது அவளுக்கும் ஒரு கருத்து உண்டாகிவிட்டது என்றுதான் தெரிகிறது.